சுப்புத்தாய் கேட்ட கறி

ஜாஸ்பின் போய்ச் சேர்ந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சுப்புத்தாய்க்கு மாட்டுக்கறி வேகிற வாசம் வர ஆரம்பித்தது.

முதல் தடவை வந்தபோது அவள் தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். சர்ச்சில் மணி அடித்து ஓய்ந்திருந்தது. மல்லியும் மிளகும் சேர்ந்து கொதிக்கிற வாசம். அதற்கு அடியில், நரம்பு கரைந்து கொழுப்பு இறங்குகிற கனமான இன்னொரு வாசம். குடம் நிரம்பி வழிந்து காலை நனைத்தது. அவளுக்குத் தெரியவில்லை.

"ஏக்கா, தண்ணி வீணாப் போகுது பாருங்க" என்றாள் பின்னால் நின்றவள்.

"உனக்கு எதுவும் வாசம் வருதா?"

"வாசமா? சாக்கடை நாத்தந்தான் வருது."

சுப்புத்தாய் குடத்தை வீட்டில் இறக்கிவிட்டு நேராகப் பின்பக்கம் போனாள். அவள் வீட்டுக் கொல்லைக்கும் ஜாஸ்பின் வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் ஒரு முள்வேலிதான். எட்டிப் பார்த்தாள். வீடு பூட்டிக் கிடந்தது. ஜாஸ்பினின் வீட்டுக்காரர் அகஸ்டினும் மகள் ஜெமிமாவும் சர்ச்சுக்குப் போயிருந்தார்கள். கொல்லையில் இருந்த விறகடுப்பில் சாம்பல்கூட இல்லை. மழையில் நனைந்து அடுப்பின் வாயில் புல் முளைத்திருந்தது.

சுப்புத்தாயும் ஜாஸ்பினும் விஸ்வநத்தத்துக்குப் பக்கத்தில் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். ஒரே வேனில் போய் ஒரே வேனில் திரும்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு. அன்றைக்கு விடிந்ததும் அகஸ்டின் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கடைக்குப் போய்க் கறி வாங்கி வருவார். எப்போதும் கால்கறிதான். தொடையும் ஈரலும் கேட்டு வருகிறவர்கள் தள்ளிவிட்டுப் போகிற கறி. வெள்ளை வெள்ளையாக நரம்பு ஓடி, வெட்டினால் கத்தியை இழுத்துப் பிடிக்கும். ஜாஸ்பின் அதை மண்சட்டியில் போட்டு, வேலிக்கருவை விறகு வைத்து அடுப்பில் ஏற்றிவிட்டு சர்ச்சுக்குக் கிளம்புவாள். திரும்பி வரும்வரை யாராவது தீயைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வேலை சுப்புத்தாயுடையது.

"கொதிக்க விட்றாத சுப்பு. கொதிச்சா கறி முறுக்கிக்கிடும். சட்டி முணுமுணுன்னு பேசணும், அம்புட்டுதான். கத்தக் கூடாது" என்பாள் ஜாஸ்பின்.

"குக்கர்ல நாலு விசில் விட்டா முடிஞ்சிரும். இதுக்கு எதுக்கு இந்தப் பாடு?"

"அதுல வேகும். ஆனா இப்படி வழுக்கிக்கிட்டுப் போகாது."

சுப்புத்தாய் வீட்டில் மாட்டுக்கறி ஆகாது. அந்தச் சட்டியைத் தொட்டாள் என்று தெரிந்தாலே புருசன் அய்யாதுரை குளித்துவிட்டு வரச் சொல்வான். அவளும் முதலில் விறகை மட்டும்தான் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒருநாள் தண்ணீர் வற்றிவிட்டதா என்று பார்க்க மூடியைத் திறந்தவள், அகப்பையில் ஒட்டியிருந்த சாற்றை என்ன நினைத்தாளோ, நாக்கில் தொட்டு வைத்துவிட்டாள். சர்ச்சிலிருந்து வந்த ஜாஸ்பின் அவள் முகத்தைப் பார்த்தாள், அகப்பையைப் பார்த்தாள். ஒரு கிண்ணத்தில் இரண்டு துண்டும் சாறும் ஊற்றிக் கையில் கொடுத்தாள்.

அந்தக் கறி பல்லுக்கு வேலை வைக்கவில்லை. நரம்பு முழுக்க இளகி நாக்கிலேயே கரைந்தது. சுப்புத்தாய் அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டாள், யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல. சாப்பிட்டு முடித்து, வாயைக் கொப்பளித்து, ஒரு வெற்றிலையை மென்று துப்பிவிட்டு வீட்டுக்குப் போனாள். அப்போது ஜெமிமா கைக்குழந்தை. இப்போது அவள் மதுரையில் நர்சிங் படிக்கிறாள். இத்தனை வருசமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தக் கிண்ணம் சுப்புத்தாய் கைக்கு வந்தது. யாருக்கும் தெரியாது.

கம்பெனியில் வெடி விபத்து நடந்த அன்று, ஜாஸ்பின் மருந்து அடைக்கிற ரூமில் இருந்தாள். சுப்புத்தாய் தள்ளி மரத்தடியில் பட்டாசுக் குழாய்களுக்குத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டதா என்று பிறகு போலீஸ் கேட்டபோது அவளால் சொல்ல முடியவில்லை. தரை தூக்கிப் போட்டது மட்டும் நினைவிருந்தது. எழுந்து பார்த்தபோது ரூம் இருந்த இடத்தில் ரூம் இல்லை. புகை வந்தது. புகையோடு ஒரு வாசம் வந்தது. அது என்ன வாசம் என்று அவள் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. மனசு ஏற்றுக்கொள்ள மறுத்தது.

கிடைத்த உடம்பிலிருந்து மாதிரி எடுத்து, ஜெமிமாவின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, நாட்கள் கழித்துத்தான் கொடுத்தார்கள். பெட்டியை ஆணி அடித்தே கொடுத்தார்கள். திறக்கக் கூடாது என்றார்கள். அகஸ்டின் பெட்டியின் மேல் கையை வைத்தபடியே கல்லறைவரைக்கும் வேனில் உட்கார்ந்திருந்தார். ஜாஸ்பினின் முகத்தை அவரும் பார்க்கவில்லை. சுப்புத்தாயும் பார்க்கவில்லை.

ஆகையால்தான் ஞாயிற்றுக்கிழமை வாசம் அவளை அப்படி ஆட்டி வைத்தது. வாசம் வரும் முதல் நொடியில் அவளுக்கு அது எந்த வாசம் என்றே தெரியாது. அடுப்பில் வேகிற கறியா, அன்றைக்குப் புகையோடு வந்ததா? மல்லியும் மிளகும் மூக்கில் பிரிந்து தெரிகிறவரைக்கும் மூச்சை விடமாட்டாள். இதை யாரிடம் சொல்வது? ஜாஸ்பின் சமைத்த கறியும் ஜாஸ்பினும் ஒன்றுபோல மணக்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

சாப்பாடு இறங்கவில்லை. சேலை இடுப்பில் நிற்கவில்லை. வீட்டில் குக்கர் விசில் அடித்தபோது பதறிப்போய்க் குக்கரையே தூக்கிக் கொல்லையில் வீசினாள். பிறகு குரலும் கேட்க ஆரம்பித்தது. பகல்தான். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

"ஏ சுப்பு, தீ ஏறுதுடி."

பிடித்திருந்த கொடியோடு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வீட்டில் இருந்த நாத்தனார் வெள்ளைத்தாய்தான் ஓடிவந்து தூக்கினாள்.

"இது காத்துக் கருப்புதான். சந்தேகமே இல்ல" என்று தம்பி அய்யாதுரையிடம் சொன்னாள் வெள்ளைத்தாய். "துர்ச்சாவு செத்தவ. கூடவே திரிஞ்சவ இவ. விட்டுட்டுப் போவாளா? ஏழாயிரம்பண்ணைப் பக்கம் காசிராஜன் கோடாங்கி இருக்காரு, உடுக்கை அடிச்சுப் பேய் ஓட்டுவாரு. கூட்டிட்டுப் போ."

அய்யாதுரை சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறவன். காலண்டர் ஆர்டர் குவிந்து கிடந்த நேரம். இதிலெல்லாம் அவனுக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் பொண்டாட்டி எலும்பும் தோலுமாக ஆவதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பான்? ஒரு வெள்ளிக்கிழமை பிரஸ்ஸுக்கு லீவு சொல்லிவிட்டு அவளையும் அக்காளையும் ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான்.

கோடாங்கி வீடு கரிசல் காட்டு ஓரத்தில் இருந்தது. தூரத்தில் பட்டாசு ரூம்கள் சின்னச் சின்னதாகத் தெரிந்தன. சுப்புத்தாயைத் தரையில் உட்காரவைத்துத் தலைமுடியை அவிழ்த்துவிட்டார்கள். காசிராஜன் உடுக்கையை எடுத்து அடிக்க ஆரம்பித்தார். முதலில் அது வெறும் சத்தமாக இருந்தது. போகப் போக அவள் நெஞ்சுக்குள் இருந்து அடிப்பதுபோல ஆகிவிட்டது.

"யாரு நீ?"

சுப்புத்தாயின் தலை உடுக்கைச் சத்தத்தோடு ஆடியது.

"எங்கன வச்சுப் புடிச்ச இவள?"

உடுக்கை இன்னும் வேகம் எடுத்தது.

"என்ன வேணும் உனக்கு? கேளு. பூவா? சேலையா? கேட்டு வாங்கிக்கிட்டுப் போயிரு."

உடுக்கை நின்றது. எல்லோரும் குனிந்து அவள் வாயைப் பார்த்தார்கள். சுப்புத்தாய்க்குத் தொண்டையில் ஏதோ உருண்டு மேலே வந்தது. வாந்தி வருகிறது என்றுதான் நினைத்தாள்.

"கறி" என்றது அவள் வாய்.

"என்ன கறி? ஆடா, சேவலா?"

"மாட்டுக்கறி. கால்கறி. என் அடுப்புல வேகணும்."

வெள்ளைத்தாய் "ஆத்தாடி!" என்று அலறிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அய்யாதுரை கும்பிட்ட கையை இறக்காமல் அப்படியே நின்றான். சுப்புத்தாய் கண்ணைத் திறந்தாள். அவள் சொன்னது அவளுக்குக் கேட்டிருந்தது. குரல் அவள் குரல் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. என் அடுப்பு என்று யார் சொன்னது? அவளா, ஜாஸ்பினா? எத்தனை வருசம் அந்த அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்! அதை அவளும் என் அடுப்பு என்று சொல்லலாம்தான்.

"வயித்துப் பசியோட போயிருக்கு" என்றார் காசிராஜன், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "அது கேட்டத அது வீட்டு அடுப்புல, இவ கையால ஆக்கி, முச்சந்தியில வச்சுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துருங்க. போயிரும்."

ஊர் வந்ததும் அய்யாதுரை அகஸ்டின் வீட்டு வாசலுக்குப் போனான். உள்ளே போகாமல் வெளியிலேயே நின்று விஷயத்தைச் சொன்னான். அகஸ்டின் ஆலங்குளம் சிமெண்ட் பேக்டரியில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர். அப்போதுதான் வந்து சட்டையை உதறிக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க அவர் முகம் இறுகியது.

"என் பொண்டாட்டி பேய் இல்ல அண்ணாச்சி."

"நான் அப்படிச் சொல்லல..."

"பெறகு எப்படிச் சொல்றீக? கோடாங்கி வீட்டுல அவ பேரச் சொல்லி உடுக்கை அடிச்சிருக்கீக. அவ ஆண்டவர்ட்ட இருக்கா. முச்சந்தியில சோறு கேட்டு நிக்கல."

"சுப்பு செத்துருவா போல இருக்குய்யா" என்று மட்டும் சொன்னான் அய்யாதுரை.

லீவுக்கு வந்திருந்த ஜெமிமா உள்ளேயிருந்து வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் முடியை அள்ளி முடியாமல் நின்றுகொண்டிருந்த சுப்புத்தாயைப் பார்த்தாள்.

"சித்தி வந்து ஆக்கட்டும்ப்பா" என்றாள். "அம்மா அடுப்பு சும்மாதானே கெடக்கு. புல்லு மொளச்சுப் போய்."

அகஸ்டின் உதறிய சட்டையைக் கொடியில் போட்டார். "சூடம், எலுமிச்சம்பழம் எதுவும் என் வீட்டுக்குள்ள வரக் கூடாது. கறி ஆக்கணும்னா தங்கச்சி வந்து ஆக்கட்டும். ஞாயித்துக்கெழம வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அய்யாதுரை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ரயில்வே கேட்டைத் தாண்டிப் போனான். வாழ்நாளில் அவன் அந்தப் பக்கம் வண்டியை நிறுத்தியது இல்லை.

"கால்கறி" என்றான் கடைக்காரரிடம்.

"முன்னங்காலா, பின்னங்காலா?"

அது அவனுக்கு எப்படித் தெரியும்? "எது சீக்கிரம் வேகுமோ அது."

"கால்கறியில சீக்கிரம் வேகுறதுன்னு ஒண்ணு கெடையாது அண்ணாச்சி. வீட்டுல யாரு ஆக்குறது?"

"என் வீட்டுக்காரி" என்றான் அய்யாதுரை. சொன்ன பிறகுதான் சுற்றுமுற்றும் பார்த்தான். கேரி பையை வண்டியில் மாட்டாமல், ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். கறியைக் கொடுத்துவிட்டுக் கொல்லையை ஒட்டிய தெருவில், வேலிக்கு வெளியே நின்ற வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டான்.

சுப்புத்தாய் அடுப்பின் வாயில் இருந்த புல்லைப் பிடுங்கினாள். உள்ளே கைவிட்டு ஈரமண்ணை அள்ளிப் போட்டாள். ஜெமிமா மண்சட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். சர்ச் மணி அடித்தது. அகஸ்டின் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து தயங்கி நின்றார்.

"போயிட்டு வாங்கண்ணே. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் சுப்புத்தாய். வழக்கமாக ஜாஸ்பினிடம் சொல்கிறதுதான். அவர் தலையை ஆட்டிவிட்டு மகளோடு கிளம்பிப் போனார்.

எண்ணெய் காய்ந்தது. சின்ன வெங்காயம் வதங்கியது. கறியை அள்ளிப் போட்டாள்.

சுர்ரென்று சத்தம் வந்தது. அதோடு வாசமும் வந்தது. மல்லியும் இல்லை மிளகும் இல்லை. சூட்டில் சதை பொசுங்குகிற வாசம். அன்றைக்கு மரத்தடியில் வந்த வாசம்.

அகப்பையைப் போட்டுவிட்டு வேலியோரம் ஓடினாள். குனிந்து ஓங்கரித்தாள். வயிற்றில் ஒன்றும் இல்லை. மஞ்சளாகத் தண்ணீர் மட்டும் வந்தது. வெளியே நின்ற அய்யாதுரை, "ஏ சுப்பு! வேணாம், வந்துரு" என்று கத்தினான். அவள் முள்ளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சட்டியில் கறி அடிப்பிடிக்கிற சத்தம் கேட்டது. அடி தீய்ந்தால் சட்டி முழுக்கக் கசந்துபோகும். அந்த நினைப்புதான் அவளைத் திரும்ப இழுத்துக்கொண்டு போனது. சேலைத் தலைப்பை மூக்கோடு கட்டிக்கொண்டு போய்க் கறியைப் புரட்டினாள். அரைத்த மசாலாவைப் போட்டாள். தண்ணீரை ஊற்றினாள். புகை அடங்கி ஆவி எழுந்தது. பெரிய விறகை வெளியே இழுத்துத் தட்டி அணைத்துவிட்டுக் கங்குகளை மட்டும் சட்டிக்கு அடியில் தள்ளினாள்.

பிறகு காத்திருக்கிற வேலைதான். சட்டி முதலில் பேசவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஓரத்தில் ஒரு குமிழி வந்தது. இன்னொன்று வந்தது. சுப்புத்தாய் மெல்லத் தலைப்பை அவிழ்த்து மூச்சை இழுத்தாள். வாசம் மாறிக்கொண்டிருந்தது. பொசுங்கல் போய், பச்சை மசாலா போய், மல்லி மேலே வந்தது. எலும்போரத்துக் கொழுப்பின் இனிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அதில் சேர்ந்தது. அது ஞாயிற்றுக்கிழமை வாசம். இத்தனை மாதம் இரண்டும் ஒன்று என்று பயந்திருந்தவளுக்கு இப்போது தெரிந்தது, இது வேறு, அது வேறு. முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அப்போதுதான் பின்னால் துவைக்கிற கல்லில் யாரோ உட்கார்ந்தார்கள்.

சத்தம் எதுவும் இல்லை. ஆள் வந்து உட்கார்ந்தால் முதுகுக்குத் தெரியும் அல்லவா, அப்படித் தெரிந்தது. கறி வாசத்துக்கு நடுவில் பசையும் அலுமினியப் பவுடரும் கலந்த கம்பெனி வாசம் வந்தது. கடைக்கண்ணில் ஒரு முழங்கை தெரிந்தது. சேலைக்கு மேல் போட்டிருந்த ஆம்பளைச் சட்டையின் கை மடித்துவிடப்பட்டிருந்தது. அந்தக் கை முழுக்க வெள்ளிப் பவுடர் வெயிலில் மினுமினுத்தது.

சுப்புத்தாய்க்கு எழுந்து ஓடத் தோன்றவில்லை.

"வந்துட்டியா?" என்றாள், சட்டியைப் பார்த்தபடி.

அகப்பையால் சட்டியை ஒருமுறை துழாவினாள்.

"உன் மொகத்த யாருக்கும் காட்டலடி. ஆணி அடிச்சுக் குடுத்துட்டாங்க. உள்ள இருந்தது நீதானான்னுகூட எனக்குத் தெரியல. மண்ண அள்ளிப் போடும்போது யாருக்குப் போடுதோம்னு தெரியாமத்தான் போட்டேன்."

சட்டி முணுமுணுத்தது.

"வலிச்சுதா?"

தலையைத் திருப்பினால் போதும், பார்த்துவிடலாம். கழுத்து தானாகத் திரும்பப் போனது. ஆனால் எந்த முகம் அங்கே இருக்கும்? வேனில் ஜன்னலோரம் தூங்கி வழிகிற முகமா? பெட்டியைத் திறக்காதே என்றார்களே, அந்த முகமா? அதை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு வேறு எந்த முகமும் ஞாபகத்தில் நிற்காது. சுப்புத்தாய் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கங்குகளையே பார்த்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மடியில் விழுந்தது. இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். நிழல் வேலியிலிருந்து நகர்ந்து அடுப்படிக்கு வந்தது. அவ்வப்போது ஒரு சுள்ளியை உள்ளே தள்ளினாள். அவ்வளவுதான்.

சர்ச் விட்டு வந்த அகஸ்டினையும் ஜெமிமாவையும் அய்யாதுரை தெருவிலேயே நிறுத்தினான்.

"அண்ணாச்சி, உள்ள சுப்பு கூட ஒரு பொம்பள உக்காந்திருக்கே, யாரு? உங்க சொந்தமா?"

"எங்க வீட்டுல யாரும் இல்லையே."

"கல்லுல உக்காந்திருக்கு. தலையில துணி கட்டியிருக்கு. முதுகுதான் தெரியுது. நான் ரொம்ப நேரமாப் பாத்துக்கிட்டு நிக்கேன்."

அகஸ்டின் கையில் இருந்த பைபிளை மகளிடம் கொடுத்துவிட்டு ஓடினார். கொல்லையில் சுப்புத்தாய் மட்டும் அடுப்பு முன்னால் இருந்தாள். துவைக்கிற கல்லில் யாரும் இல்லை. அவர் கல்லைப் பார்த்தார். சுப்புத்தாயின் ஈரமான முகத்தைப் பார்த்தார். போய் அந்தக் கல்லில் உட்கார்ந்தார். அடக்கம் செய்த அன்றுகூட அழாத மனுசன், இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஜெமிமா அப்பாவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

சுப்புத்தாய் மூடியைத் திறந்து ஒரு துண்டை எடுத்து அகப்பை ஓரத்தால் அழுத்தினாள். நார் நாராகப் பிரிந்தது. நரம்பு கண்ணாடி மாதிரி தெளிந்து தளதளவென்று ஆடியது. வெந்துவிட்டது.

அய்யாதுரை வேலிக்கு வெளியிலிருந்து வாழையிலையை நீட்டினான். "இதுல வச்சுக் குடு. முச்சந்தியில வச்சுட்டு வந்துருதேன். நீ திரும்பிப் பாக்காம வீட்டுக்கு நட."

சுப்புத்தாய் இலையை வாங்கினாள். அதைத் தரையில் விரித்தாள். ஜெமிமா வடித்து வைத்துவிட்டுப் போயிருந்த சோற்றை எடுத்துவந்து அதில் போட்டாள். கறியை அள்ளி வைத்தாள். சாற்றை ஊற்றினாள். பிறகு இலை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிசைந்து வாயில் வைத்தாள். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை. தெருவைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாள்.

அய்யாதுரை வேலியைப் பிடித்தான். முள் குத்தியதுகூடத் தெரியவில்லை. அவன் பின்னால் வந்து சேர்ந்திருந்த வெள்ளைத்தாய், "பாத்தியா, பாத்தியா, அது வந்து திங்கிது" என்று கிசுகிசுத்தாள்.

"ஏய்" என்றான் அய்யாதுரை. "யாரு திங்கிறது? நீயா, அவளா?"

சுப்புத்தாய் மென்று விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள்.

"நாந்தான்" என்றாள்.

"எம்புட்டு நாளா?"

"ஜெமிமா கைக்கொழந்தையா இருந்ததுலருந்து."

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டான். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. சுப்புத்தாய் இலையில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தாள். பல மாதத்துக்குப் பிறகு வயிறு நிறைந்தது.

வெள்ளைத்தாய் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். கிறிஸ்தவப் பொம்பளை ஆவி சுப்புத்தாய் வாய் வழியாக ஒரு சட்டிக் கறியைத் தின்றுவிட்டுப் போய்விட்டதாம். 'நாந்தான்' என்று சொன்னதும் அந்த ஆவிதானாம். பிரஸ்ஸில் ஆட்கள் கேட்டபோது அய்யாதுரையும் ஆமாம் என்றுதான் சொன்னான். மறுத்துப் பேசவில்லை. ஆனால் வீட்டில் அவளோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டான். கொஞ்ச நாள் அக்காள் வீட்டில்தான் சாப்பிட்டான். அதன்பிறகு ஒருநாள் தானாகவே வந்து தட்டை எடுத்துவைத்து உட்கார்ந்தான்.

வாசம் அதற்குப் பிறகு வரவில்லை. குரலும் கேட்கவில்லை. உடம்பு தேறியது. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனபின் கம்பெனியும் திறந்தது, சீசன் வேலை ஆரம்பமானது. வேனில் அவளுக்குப் பக்கத்தில் ரோஜா என்று ஒரு புதுப் பெண் உட்கார்ந்தாள். எல்லோரும் பேய் விட்டுப் போனது என்றார்கள். சுப்புத்தாய்க்குத்தான் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் நெஞ்சில் ஒரு கல் வந்து உட்காரும். திரும்பிப் பார்த்திருக்கலாமோ? அத்தனை நேரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாளே. பயந்துபோய்ப் பார்க்காமல் விட்டுவிட்டேனே. யோசிக்க யோசிக்க ஜாஸ்பினின் பழைய முகமே மனசில் மங்கிக்கொண்டு வந்தது. மூக்கு எப்படி இருக்கும், சிரித்தால் எந்தப் பக்கம் பல் தெரியும் என்று இழுத்து இழுத்துப் பார்ப்பாள். கண்முன் வருவது பெட்டியில் அடித்த ஆணிகள்தான்.

ஒருநாள் சாயந்தரம் அய்யாதுரை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சுப்புத்தாய் ரசத்தை ஊற்றிவிட்டு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அன்னைக்கு அந்தக் கல்லுல இருந்துச்சுல்ல."

அவள் நிமிர்ந்தாள். அந்த நாளைப் பற்றி அவன் வாய் திறப்பது இதுதான் முதல் தடவை.

"மொகம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றான். "ஒரு காயமும் இல்ல. உன்னையத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு."

சுப்புத்தாய் சுவரிலிருந்து முன்னால் நகர்ந்தாள்.

"முதுகுதான் தெரிஞ்சதுன்னு அண்ணன்ட்ட சொன்னீக."

"மொதல்ல முதுகுதான்" என்றான் அய்யாதுரை. "அப்பறம் திரும்புச்சு."

அவன் சொல்வது நிசம்தானா என்று அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.